புத்தி அட்டாலி மேல கெடக்குது

வா அப்புனு, இப்படித் திண்ணையில உக்காரு. தலையெல்லாம் ஒட்டடை. அட்டாலி ஏறி எறங்குனவனாட்டம் இருக்கறே. அம்மிணி சொல்லிச்சு, ஊட்டை ஒழுங்குபண்ணப் போறீங்களாமா. திருப்பூர்ல இருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா பன்னண்டு வந்து எறங்கியிருக்குதாமா. நல்ல காரியம். சாமானம் சாஸ்தியாப் போச்சுன்னு இன்னும் பன்னண்டு சாமானம் வாங்கியாறதுக்கெல்லாம் தனி மூளை வேணும். எங்க காலத்துல அத்தன மூளை ஆருக்கும் இல்லை.

நீ என்னைக் கேக்கலைதான். கேக்காமயே புத்தி சொல்லட்டும்னுதான கெழவனைத் திண்ணையில போட்டு வெச்சிருக்கறீங்க.

மொதல்ல ஒண்ணு சொல்றேன், எதையும் வெளிய போட்டராத. செல்போன் வாங்குன அட்டை டப்பா மூணு இருக்குதே, போன் செத்து வருசக்கணக்காச்சு, டப்பா மட்டும் கல்லாட்டம் இருக்குது. அதைப் பத்தரமா வையி. செத்த போனு பொழச்சு வந்துட்டா எங்க படுக்கும் பாவம்? மிக்சி வந்த தெர்மாக்கோலையும் வையி. உன்ற பொண்டாட்டி சீரா கொண்டுவந்த எவர்சில்வர் போசி, குண்டா, தூக்குப்போசி, அதையெல்லாம் தொடவே தொடாத. ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டி, கலியாணத் தேதி வெட்டி, எவன் மொய்யா வெச்சானோ அவன் ஊரையும் வெட்டியிருக்குது. ஒரம்பரை வந்தா எடுக்கோணும்னுதான மேல ஏத்துனது? இப்ப ஒரம்பரை வந்தா நாம மண்டபத்துக்குப் போயறோம், ஊட்டுக்கு வந்தாலும் பேப்பர் தட்டு வாங்கியாந்தர்றோம். போசிக எல்லாம் மேல உக்காந்துட்டு, எப்படா கூப்புடுவாங்கன்னு காது குடுத்துக் கேட்டுட்டிருக்குது.

அப்பறம் இந்த பனியன் மூட்டை. நம்ம பக்கத்துல இது இல்லாத ஊடு ஏது? கம்பெனியில சாம்பிள் மிஞ்சுனது, சாயம் திட்டு விழுந்தது, காதர்பேட்டையில கெடைச்சுதுன்னு வாங்கியாந்தது. நானே காட்டுல தண்ணி கட்டறப்பப் போடறனே ஒரு பச்சைக் கலரு, நெஞ்சுல என்னமோ எழுதியிருக்கும். எந்தத் தேசத்துப் பாசையோ தெரியாது. அந்தூர்க்காரன் பாத்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பானோ. போகட்டும். கூடவே ரண்டு சிப்பம் வேஸ்ட் துணி, வண்டி தொடைக்கறதுக்கு. உன்ற வண்டியை நீ எப்பத் தொடைச்சே? அந்தத் துணிய வெச்சு குன்னத்தூர் சந்தைக்கு வர்ற மாடு அத்தனையும் தொடைக்கலாம்.

லொள்ளுப் பேசறேன்னு மூஞ்சியைத் தூக்காத. உனக்கு ஒழுங்கு தெரியாதுன்னு நான் சொல்லுவனா? போன ஆயுத பூசைக்கு உன்ற கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனயே, அன்னைக்கே பாத்தேன். தரையில மஞ்சக் கோடு. கத்தரிக்கோலுக்கு ஒரு கவுறு, அந்தக் கவுத்துக்கு ஒரு நெம்பரு. சுவத்துல 5 எஸ்ஸுன்னு போர்டு. ஜப்பான்காரன் சங்கதின்னு சொன்னே: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. வேண்டாததைப் பிரிச்சு வெளிய போடு, வேணுங்கறதுக்கு எடம் ஒதுக்கு, கூட்டித் தொடை, அதையே மொறையாக்கு, அப்பறம் உடாமப் பண்ணு. நீ எவ்வளவு பெருமையாச் சொன்னே!

அன்னைக்கு ஒண்ணு பாத்தனே, அதுதான் இன்னும் மனசுல நிக்குது. ஓவர்லாக் மிசின்ல ஒரு புள்ளைக்கு ஊசி ஒடஞ்சு போச்சு. ஊசிதான, வேற மாட்டிட்டுத் தெக்கட்டும்னு நான் நெனச்சேன். அதுதான் இல்லை. லைனையே நிறுத்திப்போட்டு, தெச்ச துணியை ஒதறி, மிசினுக்கு அடியில காந்தம் வெச்சுத் தேடி, ஒடஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கி, ஒட்டு சேத்து முழு ஊசி ஆகுதான்னு பாத்து, டேப்பு போட்டு நோட்டுல ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குன பொறவுதான் புது ஊசி குடுத்தாங்க. துணியில ஒரு துண்டு மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரன் ஊட்டுக் கொழந்தையைக் குத்திப்போட்டா ஆர்டரே போயிருமாமா. கையெழுத்து வாங்குனது ஆரு? நீதான் சாமி.

அன்னைக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து நகவெட்டி எங்கேன்னு கேட்டே. தேடுனே, கெடைக்கலை. காலையில போயி புதுசு வாங்கியாந்தே. இப்ப ஊட்டுக்குள்ள நாலு நகவெட்டி இருக்குது. நாலும் எங்கேன்னு தெரியாது. ஒரு நோட்டுப் போடு அப்புனு, நானே கையெழுத்துப் போடறேன்.

அங்க வெட்டுத் துணிக்குக்கூட எடம் இருக்குது. வெள்ளை ஒரு பக்கம், கலரு ஒரு பக்கம்னு பிரிச்சுக் கட்டி, எடை போட்டு, வேஸ்ட்காரன் வந்து ஏத்திட்டுப் போயர்றான். அது மில்லுக்குப் போயி மறுக்காப் பஞ்சாகி, நூலாகி வருது. கலர் வாரியாப் பிரிச்சதுனால சாயமே போட வேண்டியதில்லைன்னு நீதான சொன்னே? கம்பெனிக்கு லாரி வருது. ஊட்டுக்கு லாரி வர்றதில்லை. உள்ள வர்றதுக்குக் கதவு இருக்குது, வெளிய போறதுக்குத் தேதி இல்லை. கெட்டது அதுலதான்.

எங்களுக்கு ஒரு தேதி இருந்துச்சு. அதைக் கெடுத்தது ஆருன்னு நெனைக்கறே? பெயிண்டுக்காரன்.

சிரிக்காத, கேளு. மார்கழி கடைசியில, பொங்க நோம்பிக்கு முன்னால, ஊட்டுக்கு வெள்ளை அடிப்போம். மொத நாளே சுண்ணாம்புக் கல்லை மொடாவுல போட்டு தண்ணி ஊத்துனா கொதகொதன்னு கொதிக்கும், நாங்க சின்னப் பசங்க எட்ட நின்னு பாப்போம். துளி நீலம் கலக்கோணும், இல்லைன்னா சுவரு மஞ்சளடிச்சுப் போயிரும். வெள்ளை அடிக்கோணும்னா ஊட்டுல இருக்கற அத்தனையும் வாசலுக்கு வரோணும். கட்டலு, பொட்டி, போசி, உறி, கொடியில கெடக்கற துணி, அட்டாலிச் சாமானம், எல்லாம். தொம்பைக்கு அடியில இருந்து எலிக்குஞ்சு உட்பட வந்துரும். எங்காத்தா வாசல்ல நின்னுட்டு ஒவ்வொண்ணையும் பாக்கும். வெளிய தூக்கியாந்தவன்தான உள்ளயும் தூக்கிட்டுப் போகோணும்? ரண்டாவது தூக்கறப்பக் கை தானாக் கேக்கும், இது எதுக்குடான்னு. காது போன அண்டா கன்னானுக்குப் போகும், கிழிஞ்ச சமுக்காளம் கட்டுத்தரைக்குப் போகும், பழைய முறம் அடுப்புக்குப் போகும். சாயங்காலம் பாத்தா ஊடு பெருசாயிருக்கும். பொறவு வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ வெச்சு மூலைக்கு மூலை காப்புக் கட்டு.

இப்ப பெயிண்டு. ஒருக்கா அடிச்சா வருசக்கணக்கா நிக்குது. அடிக்கறவனும் சாமானத்து மேல பிளாஸ்டிக் காயிதத்தைப் போத்திட்டு அடிச்சுட்டுப் போயர்றான். எதுவும் வாசலுக்கு வர்றதே இல்லை. வாசலும் இல்லை, கார் நிக்குது. பட்டணத்துல இருக்கறவன் போகிக்கு எரிக்கறேன்னு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, 2018ல மெட்ராஸ்ல ஏரோப்ளேனே எறங்க முடியாமத் திருப்பி உட்டாங்க. ஆனா அவன் அட்டாலி அப்படியேதான் இருக்குது. எரிச்சது தெருவுல கெடந்த டயரு.

அம்மிணி ஒரு ஜப்பான் புள்ளையைப் பத்திச் சொல்லிச்சு. மேரி கொண்டோ. அது எழுதுன பொஸ்தகம் 2014ல இங்கிலீசுல வந்து ஒலகமே வாங்கிச்சாமா, 2019ல டிவியிலயும் வந்துச்சாமா. சாமானத்தைக் கையில எடுத்து, மனசு துள்ளுதான்னு பாக்கோணும். துள்ளலைன்னா அதுக்கு நன்றி சொல்லி அனுப்பி வெக்கோணும். கும்புட்டுத் தாட்டி உடறது நல்ல பழக்கந்தான், நாங்க கெழட்டு எருதுக்குப் பண்ணுனது. ஆனா நம்மூர்ல எந்தப் போசியைத் தொட்டாலும் மனசு துள்ளுது, என்ன பண்ண? வெலையை நெனச்சாலே துள்ளுது. அந்தப் புள்ளையும் மூணு கொழந்தை ஆன பொறவு 2023ல சொல்லிப்போடுச்சாமா, முன்னாட்ட ஊட்டை ஒழுங்கா வெக்க முடியறதில்லை, உட்டுட்டேன்னு. எனக்கு அது மேல மரியாதையே அப்பத்தான் வந்துச்சு.

சரி, உன்ற கம்பெனி வேலையைத்தான் ஊட்டுலயும் காட்டிட்டயே. அங்க சந்தேகமான சாமானத்துல செவப்பு அட்டை கட்டி, கெடு வெச்சு, ஆரும் தொடலைன்னா வெளிய போட்டர்றதாமா. அட்டைக்குப் பதிலா உன்ற மககிட்டச் செவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை குடுத்து, மூணு மாசமா ஆரும் தொடாததுல எல்லாம் ஒட்டுன்னு சொல்லிப்போட்டே. அஞ்சு வயசுப் புள்ளை. நகவெட்டியில ஒண்ணையும் கண்டுபுடிச்சு ஒட்டிருச்சு. நேத்து நேரா வந்து என்ற தகரப் பொட்டியில ஒட்டிப்போடுச்சு.

அதுல அப்படி என்ன இருக்குதுங்கறே? ரேடியோ லைசன்ஸ் பொஸ்தகம் இருக்குது. அப்பெல்லாம் போஸ்டாபீசுல பணம் கட்டோணும். ரேடியோ போயி எத்தனையோ வருசமாச்சு, லைசன்ஸை எடுத்துப்போட்டா நாளைக்கு எவனாவது வந்து கேட்டா? அப்பறம் ரேசன் கார்டு. நம்ம ஊடு நகரவே இல்லை. கோயமுத்தூர் மாவட்டத்துல இருந்துச்சு, 1979ல பெரியார் மாவட்டம்னாங்க, அப்பறம் ஈரோடுன்னாங்க, 2009ல திருப்பூர்ன்னுட்டாங்க. அத்தனை கார்டும் இருக்குது. நாளைக்கு மறுக்காக் கோயமுத்தூர்ன்னு மாத்துனா ஊர்ல முந்திக்காட்டறவன் நான் ஒருத்தன்தான்.

அதுனால ராத்திரி நீங்கெல்லாம் தூங்குன பொறவு, அலுங்காம அந்தப் பொட்டை உரிச்சு, மாடியில நீ ஓடறதுக்குன்னு வாங்கித் துணி காயப்போடறயே ஒரு மிசினு, அதுல ஒட்டிப்போட்டேன். உரிச்ச பொட்டு மறுக்கா ஒட்டுமாங்கறயா? ரண்டு சோத்துப் பருக்கை வெச்சுத் தேச்சேன். காலையில போயிப் பாத்தேன், கல்லாட்டம் புடிச்சிருக்குது.