கெடு வைத்த பழுது

கேள்வி: பழுதைச் சரிசெய்யாமலே விமானத்தைப் பறக்க விடுகிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். எதெது வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று பட்டியலே உண்டு. பழுதைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு. (நம் வீட்டு ஒழுகும் குழாய்க்கு யார் கெடு வைத்தார்கள்?) எனக்குப் பயம், தள்ளிப்போட்ட ரிப்பேரைவிட ‘முடிச்சாச்சு சார்’ என்ற ரிப்பேர்தான். 1990 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், புதிதாக மாட்டிய முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. 90 போல்ட்டில் 84 ஒல்லி, 6 குட்டை. பழையதோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தவை! கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்து, சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்டப் போய்விட்டார்.