மகான்களுக்கு வேலை இல்லை!

கேள்வி: வேலைக்கான இன்டர்வியூவில் 'பெர்சனாலிட்டி டெஸ்ட்' உண்டாம். எல்லாவற்றுக்கும் உத்தமர் போலப் பதில் எழுதினால் போதும்தானே?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: போதாது! உங்களைப் போன்ற உத்தமர்களை மனத்தில் வைத்தே சில தேர்வுகளைத் தயாரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1943-இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. என்ற தேர்வில், பொய்யைப் பிடிக்கவே 15 வாசகங்களைத் தூவி வைத்தார்கள். 'எனக்குச் சில சமயம் கோபம் வரும்', 'நான் எப்போதும் உண்மையே பேசுவதில்லை' என்கிற ரகம். ஒன்றிரண்டுக்கு 'இல்லவே இல்லை' என்றால் பரவாயில்லை. வரிசையாக மறுத்தால் உங்களுடைய மற்ற பதில்களும் சந்தேகக் கேஸ்.

ரிசல்ட்டைப் பார்த்தும் ரொம்ப மயங்காதீர்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குக் குணத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து 'இதுதான் நீ' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று மார்க் போடச் சொன்னார். சராசரி, ஐந்துக்கு 4.26! அப்புறம்தான் குட்டு உடைந்தது: அத்தனை பேருக்கும் ஒரே தாள். அதிலிருந்த வாசகங்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்தில் சுட்டவை. (பாவம், ஜோசியருக்கு ராயல்டி கிடையாது.)

எதற்கும், சின்னதாக ஒரு கெட்ட குணத்தையாவது ஒப்புக்கொண்டுவிட்டு வாருங்கள்.