பேரிங்கின் ஜாதகம்

கேள்வி: கணக்குப்படி 20,000 மணி நேரம் ஓட வேண்டிய மோட்டார் பேரிங், ஒரே வருஷத்தில் ஊளையிடுகிறதே? (வாசகர், கோவை)

பதில்: நூறு பேரிங்கில் பத்து அதற்குள்ளேயே போய்விடலாம் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு! உங்களுடையது எந்தக் கட்சி என்று செய்த கம்பெனிக்கே தெரியாது. 1947-இல் ஸ்வீடனின் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் வகுத்த சூத்திரம் இது. வேகம் இரண்டு மடங்கானால் மணிக்கணக்கு பாதியாகும், அவ்வளவுதான். சுமை இரண்டு மடங்கானாலோ, பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்று! எனக்கென்னவோ உங்கள் பெல்ட் மீதுதான் சந்தேகம். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் பாரமெல்லாம் பேரிங் தலையில்தான். போதாக்குறைக்குத் தூசி புகுந்தாலோ, சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ சூத்திரம் எடுபடாது. பெல்ட்டைத் தளர்த்துங்கள்; கிரீஸ் டப்பாவை மூடி வையுங்கள்; சுத்தியலை ஒளித்து வையுங்கள்.