முடியும் முடிவும்: ஊகவியல் பற்றிய ஒரு முன்னாய்வு

கதை சொல்பவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்பவர் திறந்துவிடுவது ஊகம் எனப்படும். இக்கலைக்குத் தமிழில் இன்னும் முறையான இலக்கணம் வகுக்கப்படவில்லை. வகுக்க முற்படும் எவரும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரையே மூல நூலாகக் கொள்வது நல்லது. அதற்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் முதலாவது 1996-ல் வந்தது. ஐந்தாவது 2011-ல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. நாவல்களைத் தழுவிய எச்பிஓ தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் 73 எபிசோடுகளோடு முடிந்தே போனது. மூல ஆசிரியர் எழுதாமல் இருக்கும் காலம்தான் உரையாசிரியர்களின் பொற்காலம். அவ்வகையில் இத்தொடரின் ரசிகர்களுக்கு வாய்த்த நல்லூழ் வேறு எவருக்கும் எளிதில் வாய்க்காது.

முதலில் பிரமாணங்கள். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துச் சொல்கிறான். காட்சி, கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி என்று அந்த வரிசை நீள்கிறது. ஊகவியலார் இப்பத்தையும் கையாள்கிறார்கள் என்று நிறுவ இங்கே இடமில்லை. ஆனால் அருத்தாபத்தியில் அவர்களுக்குள்ள தேர்ச்சியைக் கண்டால் அளவைவாதியே எழுந்து நின்று தன் இருக்கையைக் கொடுத்துவிடுவான்.

தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் கொழுகொழுவென்று இருக்கிறான். ஆகவே இரவில் உண்கிறான். அருத்தாபத்திக்குத் தருக்க நூல்கள் காலங்காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இது. இனி நாவலுக்கு வருவோம். ஏரிஸ் மன்னன் கொல்லப்பட்டுவிட்டான். பட்டத்து இளவரசன் ரேகார் போர்க்களத்தில் விழுந்துவிட்டான். மன்னனின் மெய்க்காவலர் எழுவரில் மூவர் மட்டும் இந்தக் களேபரம் எதிலும் கலந்துகொள்ளாமல், டோர்ன் மலைப்பக்கம் ஒரு தனிக் கோபுரத்தின் வாசலில் நிற்கிறார்கள். தங்கை லியானாவைத் தேடி அங்கே வரும் நெட் ஸ்டார்க்குக்கு வழிவிட மறுத்து மூவரும் சண்டையிட்டு மடிகிறார்கள். மன்னனைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், மன்னன் இல்லாத இடத்தில் உயிரை விட மாட்டார்கள். ஆகவே கோபுரத்துக்குள் ஒரு மன்னன் இருந்திருக்கிறான். அவனுக்கு இன்னும் பல் முளைத்திருக்காது.

இதைத்தான் ‘ஆர் + எல் = ஜே’ என்ற சமன்பாடாகச் சுருக்கினார்கள். ரேகாரும் லியானாவும் சேர்ந்தால் ஜான். நெட் ஸ்டார்க்கின் முறைதவறிப் பிறந்த மகன் என்று ஊரெல்லாம் நம்பும் ஜான் ஸ்நோ, உண்மையில் அவருடைய தங்கை மகன் என்பது இதன் விரிவு. முதல் நாவல் வெளியான மறு ஆண்டே, 1997-லேயே, வாசகர்கள் இதைக் கண்டுவிட்டார்கள். தொலைக்காட்சி இதை ஒப்புக்கொண்டது 2016 ஜூன் 26 அன்று. இடையில் 19 ஆண்டுகள். ஒரு ரகசியம் அதை அறியாதவர்களைவிட அறிந்தவர்களால் இத்தனை காலம் ஆவலோடு காக்கப்பட்டது விந்தைதான். தொடரை எடுக்க உரிமை கேட்டு வந்த டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியும் இதுவே: ஜானின் தாய் யார்? இருவரும் சரியாகச் சொன்னார்கள். ஊகவியலில் தேறி வேலைவாய்ப்பும் பெற்றவர்கள் என்று உறுதியாகச் சுட்டத்தக்கவர்கள் இவர்கள்தான்.

அளவைவாதி அறியாத பதினோராம் அளவை ஒன்று உண்டு. அதைக் கேச அளவை என்று வழங்கலாம். இத்துறையின் தலையாய கண்டுபிடிப்பு அது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

2015 ஜூன் 14 அன்று ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடில் ஜான் ஸ்நோவை அவனுடைய சகாக்களே ஒருவர் பின் ஒருவராகக் குத்திக் கொன்றார்கள். பனியில் கண் திறந்தபடி கிடந்தான். ரத்தம் பரவியது. சீசன் முடிந்தது. ஜானாக நடித்த கிட் ஹாரிங்டன், தன் பாத்திரம் செத்தது செத்ததுதான், தான் திரும்பப் போவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். தயாரிப்பாளர்களும் அதையே சொன்னார்கள். ஆகமப் பிரமாணம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. ஆப்தர் வாக்கு முழுவதும் ஒரு பக்கம் நின்றது.

மறுபக்கம் நின்றது ஒரு தலை. ஜூலையில் விம்பிள்டன் டென்னிஸ் பார்க்க ஹாரிங்டன் வந்து உட்கார்ந்தார். கோட்டும் டையும் முறையாக இருந்தன. ஆனால் ஜான் ஸ்நோவின் சுருள்முடி ஒரு விரற்கடைகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. ஆடுகளத்தில் யார் வென்றார் என்பது ஊகவியலாருக்கு ஒரு பொருட்டே அல்ல. அன்று அவர்கள் வகுத்த நூற்பா இது:

வெட்டாத கேசம் சாகாத தேகம்.

இதன் பொருள்: பாத்திரம் மாண்டபின் நடிகர் முடியைக் குறைக்காவிடின், பாத்திரம் மீளும் என்றவாறு. ‘நடிகர் முடி வளர்ப்பது அவரவர் விருப்பம் அன்றோ?’ எனின், அன்று. வருஷக்கணக்காகத் தோள்வரை முடி சுமந்த மனிதன், விடுதலை கிடைத்த அன்றே முடிதிருத்தகத்துக்கு ஓடுவதே இயல்பு. ஓடவில்லை என்றால் ஒப்பந்தம் ஓடவிடவில்லை என்று பொருள். ‘அவருக்கு அந்த முடி பிடித்திருக்கலாமே?’ எனின், பிடித்திருக்கலாம். ஆனால் பிரமாணம் என்பது பிடிப்பதைப் பொறுத்தது அல்ல. பிறகு பெல்ஃபாஸ்டில் படப்பிடிப்பு நடக்கும் ஊரிலேயே அவர் தென்பட்டபோது கேச அளவையோடு காட்சி அளவையும் சேர்ந்துகொண்டது.

2016 மே முதல் நாள் ஜான் ஸ்நோ மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தான். பொய் சொன்னதற்காக ஹாரிங்டன் மன்னிப்புக் கேட்டார். இதற்கிடையில் அவர் வாக்குமூலம் கொடுத்த ஒரே அதிகாரி ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் என்பது பின்னர் தெரியவந்தது. வேகமாகக் காரோட்டியதற்காக நிறுத்திய அவர், ஸ்டேஷனுக்கு வருகிறாயா, அடுத்த சீசனில் உயிரோடு இருக்கிறாயா என்று சொல்கிறாயா எனக் கேட்டாராம். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஹாரிங்டன் வண்டியை எடுத்திருக்கிறார். இந்த மெய்ம்மை விசாரணை முறையை ஊகவியலார் இதுவரை உரிய அளவில் பாராட்டவில்லை. இருபது ஆண்டு உரைமரபு சாதிக்காததை ஒரு அபராதச் சீட்டு சாதித்திருக்கிறது.

கேச அளவைக்கு நேர் தம்பி அபாவ அளவை. சவம் காணாத சாவு சாவன்று என்பது இதன் நூற்பா. இதற்குத் தொடரே தொடர்ந்து சான்று தந்தது. நான்காம் சீசனில் மலைச்சரிவில் குற்றுயிராக விடப்பட்ட ஹவுண்ட் ஆறாம் சீசனில் மரம் வெட்டிக்கொண்டு வந்து நின்றான். முதல் சீசனில் சுவருக்கு அப்பால் போன பென்ஜென் சித்தப்பா அதே ஆறாம் சீசனில் பாதிப் பிணமாகத் திரும்பினார். 2013-ல் சின்னப் படகில் ஏற்றி அனுப்பப்பட்ட கெண்ட்ரி இன்னும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறான் என்று ரசிகர்கள் நான்கு ஆண்டுகள் கேலி செய்ய, 2017-ல் அவனைக் கண்டுபிடிக்கும் டாவோஸ் வாயிலும் அந்தக் கேலியே வந்தது. உரை மூலத்துக்குள் புகுந்த அபூர்வ நிகழ்வு அது. ஆனால் இதே நூற்பாவை நம்பி வாள்வித்தை ஆசான் சிரியோ ஃபோரலுக்காகக் காத்திருந்தவர்கள் தொடர் முடியும்வரை காத்திருந்தார்கள். கூட்டத்தின் நடுவே வெட்டப்பட்ட நெட் ஸ்டார்க்கின் தலைகூட அவருடையது அல்ல என்று வாதிட்ட ஒரு தீவிரப் பள்ளியும் உண்டு. அப்பள்ளியைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது துறைக்கு நல்லது.

பலிக்காத ஊகங்களில் துயரமானது ராணி செர்சியின் சாவு பற்றியது. சிறுவயதில் ஒரு குறிகாரி செர்சிக்குச் சொன்ன ஆரூடத்தில், தம்பி ஒருவனின் கைகள் உன் கழுத்தை நெரிக்கும் என்ற பொருளில் ஒரு பகுதி நாவலில் இருக்கிறது. எந்தத் தம்பி? டிரியனா, கூடப் பிறந்த இரட்டையன் ஜேமியா, அல்லது வேறு எவருடைய தம்பியோ? ஜேமிக்கு ஒரு கைதானே இருக்கிறது, ஆரூடம் கைகள் என்கிறதே, அவனுடைய பொற்கை கணக்கில் வருமா என்பதுவரை ஆராய்ந்தார்கள். ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் தொலைக்காட்சி ஆரூடத்தைக் காட்டி அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டது. அதையே ஒரு தடயமாகக் கொண்டு இன்னொரு சுற்று ஆராய்ச்சி நடந்தது. 2019-ல் கோட்டை இடிந்து செங்கல் விழுந்து செர்சி செத்தாள். ஜேமியும் பக்கத்திலேயே செத்தான். செங்கல் யாருக்கும் தம்பி அல்ல. சற்றுத் தள்ளி நின்றிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்பதைப் பார்வையாளர்கள் பொருமலோடு சுட்டிக்காட்டினார்கள்.

அதே சீசனில் பிணப்படைத் தலைவன் நைட் கிங்கைக் கொன்றவள் நெட் ஸ்டார்க்கின் மகள் ஆர்யா. இதை எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு; எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதும் அவளைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்பது படைப்பாளிகள் சொன்னதிலிருந்தே தெரிந்தது. ஊகவியலார் திகைத்தது சில மணி நேரம்தான். 2013-ல் சூனியக்காரி மெலிசாண்ட்ரே ஆர்யாவைப் பார்த்து, நீ என்றென்றைக்குமாக மூடப்போகும் கண்களில் நீல நிறக் கண்களும் உண்டு என்ற பொருளில் சொன்னதைத் தேடி எடுத்துவிட்டார்கள். நிகழ்ந்தபின் முன்னறிவிப்பைக் கண்டெடுப்பது பின்னோக்கு ஊகம் எனப்படும். இதில் தோல்வியே கிடையாது என்பதால் புதிதாகச் சேருவோர் இங்கே தொடங்குவது நலம்.

தொல்லை வந்தது அடுத்த வாரம். வெற்றி விருந்தில் டிராகன்களின் ராணி டெனேரிஸுக்கு முன்னால், மேசைமேல், மூடிபோட்ட காகிதக் காபிக் கோப்பை ஒன்று இருந்தது. டிராகன்கள் பறக்கும் உலகத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. படப்பிடிப்புக் குழுவினர் எடுக்க மறந்தது. ஆனால் முறையியல் நோக்கில் இது சாதாரண விஷயம் அல்ல. எட்டு ஆண்டுகளாக ஒரு பொத்தானின் நிறம், ஒரு மெழுகுவத்தி நின்ற பக்கம், இளவரசியின் ஜடை எத்தனை பிரியாகப் பின்னப்பட்டது என அனைத்தும் தடயமாகக் கொள்ளப்பட்டன. எதுவும் தற்செயல் அல்ல என்பது துறையின் அடிப்படைக் கொள்கை. அப்படியானால் கோப்பை? அதைத் தற்செயல் என்று ஒதுக்கினால் ஜடைக்கு என்ன மரியாதை? எச்பிஓ நிறுவனம், டெனேரிஸ் கேட்டது மூலிகைத் தேநீர் என்று கிண்டலாக விளக்கம் தந்துவிட்டு, கணினியின் துணையோடு கோப்பையை அழித்துவிட்டது. பதிப்பாசிரியர் மொழியில் சொன்னால் இடைச்செருகல் நீக்கம். முதல் நாள் பார்த்தவர்களிடம் உள்ளது ஒரு பாடம், பிறகு பார்த்தவர்களிடம் உள்ளது திருத்திய பாடம். முழுச் சீசனையுமே வேறு எழுத்தாளர்களைக் கொண்டு புதிதாக எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதையும் பாடபேதக் கோரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு தரப்பை எடுத்தாக வேண்டும். 2014-ல் எடின்பரோ புத்தக விழாவில் மார்ட்டின் தன் சிக்கலைப் பகிரங்கமாகவே சொன்னார். சில வாசகர்கள் தடயங்களைக் கோத்து முடிவைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்; இப்போது முடிவை மாற்றுவதா? மாற்றினால், இத்தனை ஆண்டுகளாக விதைத்த குறிப்புகளெல்லாம் பொருளற்றுப் போகும், ஆகவே மாற்றுவதில்லை. இது நேர்மையான நிலைப்பாடு என்பேன். கண்டுபிடிக்கவே முடியாத திருப்பத்துக்குத் திருப்பம் என்று பெயரில்லை, அது விபத்து. ஓர் ஆசிரியரை அவருடைய வாசகரில் ஒருவராவது முந்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எதையும் விதைக்கவே இல்லை. ஊகம் பலித்தால் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்பவரும், பலிக்காவிட்டால் ‘கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பவரும் ஒரே ஆள்தான். அந்த ஆளை நாம் சகித்துக்கொள்ள வேண்டியது இந்தக் காரணத்துக்காகத்தான். புத்தகத்தை உண்மையிலேயே படித்தவர் அவர்.

முடிவு தெரியாததால்தானே ஊகிக்கிறார்கள், தெரிந்துவிட்டால் துறையே மூடப்படும் என்று கருதுவோர் உளர். அவர்களுக்கு மறுப்பு 2022 ஆகஸ்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’. இதன் மூலம் 2018-ல் அச்சான ‘ஃபயர் அண்ட் பிளட்’. யார் அரியணை ஏறுவார், எந்த டிராகன் யாரைத் தின்னும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. விலை கொடுத்தால் முடிவு கிடைக்கும். இருந்தும் ஊகம் நிற்கவில்லை. காரணம், அந்நூலை மார்ட்டின் நாவலாக எழுதாமல் ஒரு கற்பனை வரலாற்றாசிரியர் எழுதிய சரித்திரமாக எழுதினார். ஒரே சம்பவத்துக்குப் பெரிய மேஸ்டர் மன்கன் ஒரு விதமாகவும், மதகுரு யூஸ்டஸ் வேறு விதமாகவும், அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் காதில் விழக் கூசும் விதமாகவும் சாட்சி சொல்கிறார்கள். ஆகவே இனி ஊகிக்க வேண்டியது என்ன நடக்கும் என்பதை அல்ல. யார் சொன்னபடி நடந்தது, அதில் எதைத் தொடர் மாற்றும் என்பதை.

தொடர் மாற்றவும் செய்தது. நூலில் உள்ள மேலார் என்ற குட்டி இளவரசன் தொடரில் பிறக்கவே இல்லை. 2024 செப்டம்பரில் மார்ட்டினே பொறுக்காமல் இதைப் பற்றி எழுதினார். அந்தக் குழந்தை இல்லாததால் பின்வரும் சீசன்களில் எதெதெல்லாம் இல்லாமல் போகும், எவர் சாவுக்குக் காரணம் கெட்டுப்போகும் என்று வரிசையாக ஊகித்தார். விரைவிலேயே எழுதியதை நீக்கியும் விட்டார். மூலத்தை எழுதியவரை ஊகவியலாராக ஏற்பதா என்பது குறித்து இப்போது துறைக்குள் கருத்து வேறுபாடு நிலவுகிறது. உள்தகவல் உள்ளவர் என்பதால் அவர் ஊகங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு சாராரும், ஆறாவது நாவலை முடிக்காதவருக்கு அவ்வளவு உள்தகவல் இருக்க வாய்ப்பில்லை என்று மறுசாராரும் வாதிடுகிறார்கள்.