ஒரு வரிக்கு 5,315 பொன்

வேலைவெட்டிக்குப் போகாமல் ஒரே அடியில் கோடி ரூபாய் பரிசடித்து செட்டிலாகிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். "எங்க காலத்துல இப்படி ஒருத்தனைப் பார்க்க முடியுமா?" என்று தாத்தா பொரிந்து தள்ளுவார். தாத்தா, உங்கள் காலத்தை விடுங்கள். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஆட்கள் இதைத் தொழிலாகவே நடத்தினார்கள். அதற்குப் பெயர் பரிசில். நாம் அதைச் செம்மொழி என்று பாடமாக வைத்திருக்கிறோம்!

சந்தேகமிருந்தால் பத்துப்பாட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். பத்தில் ஐந்து, ஆற்றுப்படை. அதாவது, பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, "இந்தப் பக்கம் போ, இன்னாரைப் பார், இன்ன சாப்பாடு போடுவார், கிளம்பும்போது இன்னது கையில் கொடுப்பார்" என்று ரூட் போட்டுக் கொடுப்பது. (ஐந்தில் ஒன்றில் வள்ளல் சாட்சாத் முருகன். பரிசு, வீடுபேறு. கேஷ் கிடையாது.) என்ன ஒரு பெருந்தன்மை! இன்றைக்கு நம் நண்பனுக்கு ஒரு போட்டி பற்றித் தெரிந்தால், கடைசி தேதி முடிந்த மறுநாள்தான் நம்மிடம் சொல்வான்.

சாப்பாடு என்றதும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன் கரிகாலன் வீட்டில் போய் உட்கார்ந்தான். ராத்திரி பகல் பார்க்காமல் கறி தின்றதில், நிலத்தை உழுது உழுது தேய்ந்த கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டதாம். கிளம்பும்போது நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேர். ராஜாவே ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்பினான். நம் ஊரில் நாற்பது வருஷம் மாடாய் உழைத்து ரிட்டையர் ஆனால் ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். பல் மழுங்கியிருக்கும்தான், ஆனால் காரணம் வேறு.

ஜாக்பாட் என்றால் அது கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு. பட்டினப்பாலைக்காகக் கரிகாலன் அவருக்குக் கொடுத்தது 16 லட்சம் பொன். பாட்டு 301 வரி. கால்குலேட்டரைத் தட்டினேன்: வரிக்கு 5,315 பொன்னுக்கு மேல் வருகிறது. கோடம்பாக்கம் பாடலாசிரியர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் இருப்பது நெஞ்சுக்கு நல்லது.

அந்தப் பாட்டில் அப்படி என்னதான் சொல்கிறார்? பாதிக்கு மேல் காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமை, பிறகு கரிகாலன் பெருமை. நடுவே கதாநாயகன், பொருள் தேடப் புறப்பட வேண்டியவன், "இந்தப் பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு நான் வரமாட்டேன்" என்று தன் நெஞ்சிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறான். சம்பாதிக்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒருவனைப் பற்றி எழுதி 16 லட்சம்!

இந்த 16 லட்சக் கணக்கை நமக்குச் சொல்பவர் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார். கரிகாலனுக்கு ஆயிரம் வருஷத்துக்குப் பக்கமாகப் பிந்தியவர், குலோத்துங்க சோழனின் அரண்மனைக் கவிஞர். "உங்கள் முன்னோர் ஒரு பாட்டுக்கு 16 லட்சம் கொடுத்தார்" என்று தன் முதலாளியின் காதில் விழும்படி ஏன் பாடினார்? சோழர் வரலாற்றில் அவருக்கு அவ்வளவு அக்கறை என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் வேலையை ராஜினாமா செய்துவிட வேண்டாம். கூட்டிக்கழித்தால் இந்தப் பரிசில் தொழில் ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை ஆபீஸ் போவதைவிடப் பெண்டு நிமிர்த்தும் வேலை. காடு மலையெல்லாம் நடக்க வேண்டும். இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து, அவனுடைய பகைவன் நெடுங்கிள்ளி இருந்த உறையூருக்குப் போனார். "ஒற்றன்!" என்று நெடுங்கிள்ளி தலையை வாங்கப் பார்த்தான். இன்னொரு புலவர் கோவூர் கிழார் குறுக்கே புகுந்து, "ஐயா, இவர்கள் பறவை மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கிறவர்கள், விட்டுவிடுங்கள்" என்று மன்றாடிக் காப்பாற்றினார். இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் செலக்‌ஷன் ஆகவில்லை என்றால் பரவாயில்லை. தலை திரும்பி வர வேண்டுமே!

உயிர் தப்பினாலும் பேமெண்ட் வருமா? 'பரிசில் நீட்டித்தல்' என்று ஒரு சமாசாரம் உண்டு. நீட்டிக் கொடுப்பது என்று நினைக்காதீர்கள், நாளை நீட்டுவது. அப்போது பாட வேண்டிய ரிமைண்டருக்குக்கூடத் தனித் துறை வைத்திருந்தார்கள்: பரிசில் கடாநிலை. ஒரு சேரமான் பெருங்குன்றூர் கிழாருக்கு முதல் நாள் தருவதுபோலக் காட்டி, மறுநாள் கையை விரித்துவிட்டான். மனிதர் பாடியே விட்டார்: எலிகூடத் தின்ன ஏதுமில்லாமல் மடிந்துபோன வீடு, பாலில்லாமல் சப்பிச் சப்பிக் குடிக்கவே மறந்துபோன குழந்தை, அங்கே காத்திருக்கும் மனைவி. அவளை நினைத்துக்கொண்டு போகிறேன், நீ நன்றாயிரு என்று ஒரு வாழ்த்து வேறு. அந்த வாழ்த்தைக் கேட்பதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். இங்கே மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விவரமான ஆட்களும் இருந்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி, மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானிய வியாபாரி. கல்லாவில் உட்கார்ந்துகொண்டே காவியம் பண்ணலாம் என்று கண்டுபிடித்தவர்கள்.

ரோஷத்தில் மட்டும் யாரும் புலவர் பெருஞ்சித்திரனாரை மிஞ்ச முடியாது. இளவெளிமான் என்ற குறுநில மன்னன் ஏதோ சில்லறையாகக் கொடுத்தான். தொடாமல் எழுந்தார், வள்ளல் குமணனிடம் போனார், ஒரு யானையை வாங்கினார். வீட்டுக்குத்தானே போக வேண்டும்? அங்கேதான் எல்லாரும் பட்டினியாயிற்றே. மனிதர் யானையை நேராக இளவெளிமானின் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்து, அவனுடைய காவல் மரத்திலேயே கட்டினார். "பார்த்துக்கொள், இதுதான் பரிசு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இன்க்ரிமெண்ட் தராத மேனேஜரின் கார் பார்க்கிங்கில் புதுக் கம்பெனி கொடுத்த காரை நிறுத்திவிட்டு வருகிற சுகம்!

பம்பர் பரிசு விழுந்தது அரிசில் கிழார் என்ற புலவருக்கு. கொடுத்தவர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அரச முரசு வைக்கும் புனிதக் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறியவரும் இதே ராஜாதான். புலவர்களைக் கண்டால் உருகிவிடுவார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடி முடித்ததும், ராணியைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, "உள்ளே இருப்பதெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒன்பது லட்சம் காணம், அதாவது பொற்காசு. கூடவே சிம்மாசனம்.

அரிசில் கிழார் சிம்மாசனத்தைப் பார்த்தார். "நான் கேட்டுக்கொள்கிறேன், இதை நீங்களே ஆளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அதே ராஜாவிடம் அமைச்சர் உத்தியோகத்தில் சேர்ந்துகொண்டார். ஒன்பது லட்சத்தைத் திருப்பிக் கொடுத்ததாக, இந்தக் கதையைச் சொல்லும் எட்டாம் பத்தின் பதிகத்தில் ஒரு வார்த்தை இல்லை.