வாயில் அம்பு பாய்ந்த சிங்கம்

கேள்வி: நார்ஃபோக் டியூக்கின் குலச்சின்னத்தில் வாயில் அம்பு பாய்ந்த அரைச் சிங்கம் இருக்கிறதே, அந்தக் குடும்பத்தார் வேட்டைப் பிரியர்களோ?

பதில்: வேட்டைதான்; வீழ்ந்தது விலங்கன்று, ஓர் அரசர். 1485இல் பாஸ்வொர்த் போரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் பக்கம் நின்று மாண்ட ஜான் ஹோவர்டின் நார்ஃபோக் டியூக் பட்டம், தோற்ற பக்கம் நின்ற குற்றத்துக்காகப் பறிபோயிற்று. அவருடைய மகன் தாமஸ், 1513 செப்டம்பர் 9 அன்று ஃபிளாடன் களத்தில் ஸ்காட்லாந்துப் படையை முறியடிக்க, அதன் மன்னர் நான்காம் ஜேம்ஸும் அங்கேயே உயிரிழந்தார். மறு ஆண்டே பட்டம் திரும்பியதோடு, பெருஞ்செயல் புரிந்தவரின் சின்னத்தில் அரசர் கூட்டித் தரும் சிறப்புச் சேர்க்கையும் கிடைத்தது. ஹோவர்டுகளின் சிவப்புக் கேடயத்தில் சாய்வாக ஓடும் வெள்ளிப் பட்டையின் மேல் ஒரு சிறிய பொற்கேடயம் அமர்ந்தது. அதில் ஸ்காட்லாந்தின் செஞ்சிங்கம், லில்லிப்பூ கோத்த இரட்டைக் கரைக்குள், இடுப்புக்குக் கீழே உடலின்றி அம்பைக் கவ்வி நிற்கிறது. ஜேம்ஸின் கொள்ளுப்பேரனே 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய பிறகும் அந்த அம்பை எவரும் பிடுங்கவில்லை.

கேள்வி: கேடயத்தில் படம் வரைந்தால் தலை போகுமா?

பதில்: போயிருக்கிறது. மூன்றாம் டியூக்கின் மகனும் கவிஞருமான சர்ரே பிரபு, கேடயத்தைக் கட்டங்களாக வகுத்து மூதாதையர் சின்னங்களை நிரப்பும் முறைப்படி, எட்வர்டு என்ற பழைய அரசரின் சின்னத்தையும் சேர்த்துக்கொண்டார். அரியணைக்கு அடிபோடுகிறார் என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டு, 1547 ஜனவரியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். தந்தைக்கும் மரணம் விதிக்கப்பட்டிருந்தது. மன்னர் எட்டாம் ஹென்றி அதே மாதம் 28ஆம் நாள் முந்திக்கொண்டு கண்மூடியதால் பிழைத்தார்.

கேள்வி: டியூக் நார்ஃபோக்கில்தானே வசிக்கிறார்?

பதில்: இல்லை, சசெக்ஸின் அருண்டேல் கோட்டையில்.

கேள்வி: இக்காலத்தில் அவருக்கு என்ன வேலை?

பதில்: 1672 முதல் அக்குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையாகிவிட்ட எர்ல் மார்ஷல் பதவியின்படி, அரசுப் பெருவிழாக்களை ஏற்பாடு செய்வதும், குலச்சின்னங்களைப் பதிந்து காக்கும் லண்டன் கல்லூரியை மேற்பார்ப்பதும் அவர் கடமை. 2023இல் இங்கிலாந்துத் திருச்சபை நடத்திய முடிசூட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பது தனிச் சுவை. சின்னத் தகராறுகளை விசாரிக்கும் பழைய நீதிமன்றமும் அவருடையதே. மான்செஸ்டர் நகரசபையின் சின்னத்தை ஒரு நாடகக் கொட்டகை தன் மேடைத் திரைக்கு மேலும் முத்திரையிலும் பயன்படுத்தியதற்காக, நெடுங்காலம் உறங்கிய அந்த நீதிமன்றம் 1954இல் கூட்டப்பட்டது. நகரசபை வென்றது, கொட்டகைக்காரருக்குச் சின்னமும் வழக்குச் செலவும் மட்டுமே போயின.