லீற்றருக்கு எத்தனை?

யாழ்ப்பாணத்தில் கலியாணவீடோ செத்தவீடோ, பந்தலுக்குள் நுழையுமுன் வாகனங்கள் நிற்கிற பக்கம் ஒரு சுற்றுப் போய்வருகிற அண்ணை ஒருவர் கட்டாயம் இருப்பார். வயது ஐம்பத்தேழு சொச்சம். கச்சேரியிலோ வங்கியிலோ இருந்து ஓய்வுபெற்றவர், அல்லது அதற்கு நாள் எண்ணுபவர். கையில் இருப்பது ஸ்கூட்டி. மனதில் இருப்பது கார். அந்தக் கார் பழைய ஹைபிரிட்டா, எண்ணெய் குடிக்காத சாதாரண பெற்றோல் காரா என்பதுதான் முடிவாகவில்லை. முடிவாகாமல் பல வருடம் ஆகிறது.

“தம்பி, உது லீற்றருக்கு எத்தனை ஓடுது?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன கார்காரரை நான் கண்டதில்லை. சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிற அதே வாய் இதை மட்டும் கூட்டித்தான் சொல்லும். பிரியஸ்காரர் “இருபத்தைஞ்சு” என்பார். பக்கத்தில் நிற்கிற விட்ஸ்காரருக்கு ரோசம் வந்துவிடும். “என்ரை ஆயிரம் சீசீ. ஆனா இருபதுக்குக் குறையாது.” அண்ணை இருவரையும் நம்பாமல், இரண்டையும் சீ.ஆர். கொப்பியில் பதிவார். இடப்பக்கம் ஹைபிரிட், வலப்பக்கம் பெற்றோல், நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு. செத்தவீட்டில் இறந்தவர் யாரென்று அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்.

அந்தக் கொப்பியை ஒருமுறை எனக்குக் காட்டினார். அவர் பார்த்து வைத்திருக்கும் பிரியஸுக்கும் விட்ஸுக்கும் விலையில் பத்து லட்சம் வித்தியாசம். ஹைபிரிட் லீற்றருக்கு 20, மற்றது 15 என்று பெருந்தன்மையாக வைத்திருந்தார். அண்ணை கார் வாங்கினால் எங்கே ஓடுவார்? நல்லூர்க் கோயில், திருநெல்வேலிச் சந்தை, மாதம் ஒருமுறை பருத்தித்துறையில் தங்கச்சி வீடு. மாதம் 300 கிலோமீற்றர் தேறாது. தேறும் என்றே வைத்தாலும் மிச்சம் 5 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் 1,500 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பத்து லட்சத்தை அந்த 1,500 அடைத்து முடிக்க ஐம்பத்தைந்து வருடம் வேண்டும். அண்ணைக்கு அப்போது நூற்றுப்பன்னிரண்டு நடக்கும்.

நான் இதைச் சொன்னதும் அவர் பக்கத்தைப் புரட்டினார். “அது உள்ளூர்க் கணக்கு. கொழும்புக் கணக்கு வேறை.” மகன் வெள்ளவத்தையில் இருக்கிறான். மாதம் இரண்டு தரம் போய்வந்தால் மிச்சம் எங்கேயோ போகும் என்பது அவர் வாதம். போய்வருவது இரவு பஸ்ஸில், அதுவும் தீபாவளிக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும்தான் என்பது கொப்பியில் இல்லை.

இன்னொன்றும் கொப்பியில் இல்லை. ஹைபிரிட்டின் கெட்டித்தனம் எல்லாம் நின்று நின்று போகிற ஓட்டத்தில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியை மோட்டர் கரண்டாக மாற்றிப் பற்றரியில் போட்டு, அடுத்த தரம் நகரும்போது அதையே எடுத்து ஓடும். பின்னேரம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டுகிறவனுக்கு அது வரம். லண்டனில் ஊபர் ஓடுகிற நம்மவர்கள் பிரியஸை விடாமல் பிடித்திருந்ததும் அதனால்தான். ஆனால் வவுனியா தாண்டி ஏ-9இல் ஒரே சீரான வேகத்தில் போகிறவனுக்குப் பிரேக்குக்கு வேலை ஏது? எப்போதாவது மாடு குறுக்கே வந்தால் உண்டு. அங்கே சின்ன எஞ்சின் விட்ஸும் மானத்தோடு ஓடும்.

அண்ணையைச் சும்மா கஞ்சர் என்று தள்ளிவிட முடியாது. ரொயோட்டா 1997இல் ஜப்பானில் பிரியஸை விற்பனைக்கு விட்டபோது, பெரும்படியாகச் செய்த முதல் ஹைபிரிட் கார் அதுதான் என்றார்கள். அண்ணை அதை ஒத்துக்கொள்ளமாட்டார். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் போத்தலில், தங்கம் மாதிரி அளந்து விற்கப்பட்டது. அப்போது அவர் ஏறிப்போன ஒஸ்டின் ஏ-40 வாடகைக் கார், சூப்பிப் போத்தலால் கார்பரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிற்று. “இரண்டு சாமானில ஓடினா ஹைபிரிட்தானே?” என்பார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அது. பிரேக்கில் கரண்ட் எடுக்கிறார்கள் என்றால் வாயைப் பிளக்காது.

சரி அதெல்லாம் பழங்கதை, இனி வராது என்று இருந்தவருக்கு 2022 வந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய். அந்த விலை கொடுக்கவும் ஆள் தயார், பெற்றோல்தான் இல்லை. எரிபொருள் நிலைய வரிசையில் கார்களை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டு நகர, ஒரு பிரியஸ் மட்டும் எஞ்சினை எழுப்பாமல் பற்றரியில் சத்தமின்றி ஊர்ந்துபோனதை அண்ணை ஸ்கூட்டியில் இருந்தபடி பார்த்தார். பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்தது. தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஹைபிரிட்டுக்கும் 20தான், மற்றதுக்கும் 20தான். அந்த 20இல் யார் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் அவர் மனதில் பதிந்துபோயிற்று. பத்து லட்சக் கணக்கை எத்தனை தரம் போட்டுக் காட்டினாலும் அந்த வரிசைக்கு முன்னால் எடுபடாது.

வாங்குகிற எண்ணம் வந்த நேரமும் நல்ல நேரமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல். அதற்கிடையில் 2012ஆம் ஆண்டு அக்குவா ஹைபிரிட் ஒன்றுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறிற்று. மாப்பிள்ளைமாருக்குக்கூட அப்படி நடப்பதில்லை. விற்கிறவர்கள் எல்லாருடைய காரும் “ஒரு டொக்டரம்மா ஓடினது, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும்.” அவ்வளவு டொக்டரம்மாமார் இருந்தும் எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஏன் இந்த வரிசை என்று தெரியவில்லை.

கடைசியில் அண்ணை கொக்குவிலில் ஒரு ஹைபிரிட் மெக்கானிக்கிடம் போனார், நானும் போனேன். அங்கே ஒரு பழைய பிரியஸின் பின்சீட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். சீட்டோரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வலைக் கண். அதற்குள் செம்மண் தூசி, கச்சான் கோது, பூனை மயிர் எல்லாம் திரண்டு கம்பளிபோல் கிடந்தன.

“பற்றரி மூச்சு விடுற இடம் இது ஐயா,” என்றார் மெக்கானிக். “உதை ஆரும் துப்பரவாக்கிறேல்ல. அடைச்சால் சூடேறும். எங்கடை வெய்யிலுக்குச் சொல்லவே தேவையில்லை.”

“மொத்தம் எத்தனை மொடியூல்?”

“28.”

“ஒண்டு பழுதாப் போனால்?”

“ஒண்டை மாத்தலாம். மற்ற 27உம் அதோடை ஒண்டாப் பிறந்ததுகள்தானே ஐயா.”

அண்ணை கொப்பியை மூடிவிட்டார். வீட்டில் அக்கா ஒரே வசனத்தில் வழக்கை முடித்தா: “இஞ்சாருங்கோ, பெற்றோல் மிச்சம் பிடிச்சு எனக்குச் சங்கிலியே செய்யப்போறியள்? மழைக்கு நனையாம கோயிலுக்குப் போக ஒண்டை வாங்குங்கோ.”

போன ஞாயிறு மானிப்பாயில் ஒரு அக்குவா. பற்றரி புதிதாக மாற்றி ரசீதும் இருந்தது, விலையும் படிந்தது. அக்கா வெளியே ஓட்டோவில். முற்பணத்தை எண்ணிக்கொண்டே அண்ணை சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: “நல்ல வாகனம். ஏன் குடுக்கிறியள்?”

“நான் அண்ணை, விட்ஸ் ஒண்டு பாத்திருக்கிறன்,” என்றார் வீட்டுக்காரர். “எனக்கு மாதம் முந்நூறு கிலோமீற்றரும் வராது. கணக்குப் பாத்தால்...” சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தார்.

அண்ணை முற்பணத்தைத் திரும்பப் பையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. இரண்டாம் தரமும் வந்தது. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான், பிறகு அக்காவின் குரல் கேட்டது:

“இஞ்சாருங்கோ, வாங்கியாச்சோ?”

“கொஞ்சம் பொறும். இவர் ரயர் தேய்மானமும் சேர்த்துப் போட்டிருக்கிறார்!”